படிக்க முடிந்தால் ஆர்வம் வரும்

(ஆசிரியர்களும் பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படிப்பில் நாட்டம் இழந்த பிள்ளைகளை மீட்பது எப்படி என்று பேச அழைத்திருக்கிறீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் இந்த வேண்டுகோள் ஒரே மாதிரிதான் வருகிறது. "பையனுக்குப் படிப்பில ஆர்வமே இல்லைங்க. ஆர்வம் வர்ற மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லுங்க." நம் பிள்ளைகள் கேட்காத அறிவுரை உண்டா? காலையில் பிரேயரில் அறிவுரை, வகுப்பில் அறிவுரை, வீட்டில் அறிவுரை, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் அங்கேயும் அறிவுரை. பத்தாம் வகுப்புக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களைக் கூட்டி வருகிறோம். அன்றைக்குக் கை தட்டுகிறார்கள். மறுநாள் கணக்குப் பாடவேளையில் அதே கடைசி பெஞ்சில் அதே தலை கவிழ்ந்திருக்கிறது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். ஆர்வம் வந்தால் பிள்ளை படிப்பான் என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலான பிள்ளைகளிடம் இது தலைகீழாக நடக்கிறது. படிக்க முடிந்தால்தான் ஆர்வம் வருகிறது. ஆகவே ஆர்வத்தை ஊட்ட முயல்வதற்கு முன்னால், எந்த இடத்தில் முடியாமல் போனது என்று தேட வேண்டும்.

இந்தப் பையனை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதுகிறான். கையெழுத்துகூடத் திருத்தமாக இருக்கும். சிவப்பு மையில் 'நன்று' போட்டுக் கையெழுத்திடுகிறோம். அதே நோட்டை அவன் கையில் கொடுத்து, "நீ எழுதினதைக் கொஞ்சம் வாசிப்பா" என்று கேட்டுப் பாருங்கள். முதல் வரியிலேயே நிற்பான். 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டுவான். 'ர்க்' வந்ததும் திணறுவான். பக்கத்தில் இருப்பவன் சிரித்துவிட்டால் நோட்டை மூடிவிடுவான். இத்தனை நாளும் அவன் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்திருக்கிறான். இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ விட்டுப்போன வாசிப்பு, அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

நமக்குத் தெரியாத மொழியில் நடக்கும் ஒரு கூட்டத்தில், காலையிலிருந்து மாலைவரை, வருடக்கணக்கில் நம்மை உட்கார வைத்தால் நாம் என்ன செய்வோம்? தூங்குவோம், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவோம், ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போவோம். வகுப்பில் அதையே செய்கிற பிள்ளைக்கு 'அக்கறை இல்லாதவன்' என்று பெயர் வைத்துவிட்டோம்.

இதை விளங்கிக்கொள்ள ஓர் ஆய்வு உதவும். 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். தப்பிக்கவே வழியில்லாதபடி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களைப் பிறகு வேறொரு பெட்டியில் விட்டார்கள். அதில் தாழ்வான தடுப்பு ஒன்றைத் தாண்டினாலே போதும், அதிர்ச்சியிலிருந்து தப்பிவிடலாம். ஆனாலும் அந்த நாய்களில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. படுத்துக்கொண்டன. எதைச் செய்தாலும் பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டதாக அன்று இருவரும் விளக்கினார்கள். 'கற்றுக்கொண்ட இயலாமை' என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். தொடர்ந்து துன்பப்படும் உயிர் முடங்கிப்போவது இயல்பாகவே நடக்கிறது, அதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்றார்கள். கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது எது தெரியுமா? 'நான் முயன்றால் நிலைமை மாறும்' என்பதைத்தான். பிள்ளைகளுக்கும் நாய்களுக்கும் வேறுபாடு உண்டு. ஆனாலும் ஆசிரியர்களுக்கு இதில் பெரிய செய்தி இருக்கிறது. முயன்றால் முடியும் என்று சொன்னால் போதாது. முயன்று முடிந்ததைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு தடவை அல்ல, மீண்டும் மீண்டும்.

இது நம் மண்ணில் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேல். கிராமப்புறத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு ஒன்று, தமிழிலும் கணிதத்திலும் அவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்ததைக் கண்டது. கணிதத்தில் இழப்பு இன்னும் அதிகம். 'ஒரு தலைமுறையே போச்சு' என்று அன்று பேசாதவர்கள் குறைவு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்று அதே ஆய்வு காட்டியது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு, தன்னார்வலர்களைக் கொண்டு நடந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது. யார் அந்தத் தன்னார்வலர்கள்? நம் தெருவில் இருக்கும் பெண்கள், பிளஸ் டூவோ டிகிரியோ முடித்தவர்கள். மாலை நேரத்தில், திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டும் கதையும் கணக்குமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். போர்ஷன் முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை. பிள்ளைக்கு எது தெரியவில்லையோ அதிலிருந்து தொடங்க முடிந்தது.

இதே அனுபவம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே மும்பையிலும் வடோதராவிலும் கிடைத்தது. பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு, 'பால்சகி' என்ற பெயரில் அந்தந்தப் பகுதி இளம்பெண்களை நியமித்து, மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து நாளுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தது. அதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். பின்தங்கிய பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. வயதைப் பார்க்காமல், வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை நிற்கும் படியிலிருந்து கற்பிப்பதுதான் இதன் அடிப்படை.

இந்த எண்ணம் நம் ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது படிப்படியான அட்டைகள் கொண்ட 'கற்றல் ஏணி' என்று ஒன்றை வைத்தார்கள். ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் உருவான முறையிலிருந்து வந்தது அது. பிள்ளை ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்தால், விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். வகுப்பு அவனை விட்டுவிட்டு ஓடிப்போயிருக்காது. அந்த முறையில் குறைகள் இருந்தன, விவாதங்கள் எழுந்தன. ஆனாலும் 'நீ எங்கே நிற்கிறாயோ அங்கிருந்து ஏறு' என்ற அந்த ஏற்பாடு பொன்னானது. இன்று எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதும், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை திறன் இயக்கம் வந்திருப்பதும் அதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

திட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் எடுத்து, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்து, காலையில் புரியாத அதே பாடத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாக நடத்தினால் ஒரு பயனும் இல்லை. பகல் முழுக்கத் தோல்வி, மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் என்றுதான் அந்தப் பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும்.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 1/2 + 1/3 எவ்வளவு? ஏழாம் வகுப்பு மாணவி 2/5 என்று எழுதியிருக்கிறாள். நாம் தவறு என்று குறி போட்டு, மீச்சிறு பொது மடங்கை மறுபடி எழுதிக் காட்டி அடுத்த நோட்டுக்குப் போய்விடுவோம். ஒரு டீச்சர் அப்படிப் போகாமல் அவளைப் பக்கத்தில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எப்படிப் போட்டம்மா, சொல்லு."

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு, டீச்சர்."

"சரி. அஞ்சு பங்குல ரெண்டு பங்கு எடுத்தா பாதி வருமா?"

"வராது டீச்சர். பாதியைவிடக் கம்மி."

"நீ முதல்ல எடுத்ததே பாதி. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்க. பாதியைவிடக் கம்மியாகுமா?"

அந்த இடத்தில் அவள் யோசிக்கிறாள். டீச்சர் ஒரு நீளமான காகிதப் பட்டையைக் கொடுத்து ஆறு சம பாகமாக மடிக்கச் சொல்கிறார். பாதி என்றால் மூன்று பாகம். மூன்றில் ஒன்று என்றால் இரண்டு பாகம். இரண்டையும் வண்ணம் தீட்டி எண்ணினால் ஆறில் ஐந்து. தான் எழுதிய 2/5ஐ அவளே அடித்துவிட்டு 5/6 என்று எழுதுகிறாள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவளுக்கு மூன்று விஷயம் கிடைக்கிறது. தன் விடைக்குப் பின்னால் இருந்த யோசனையை ஒருவர் மதித்துக் கேட்டார். தவறைத் தானே கண்டுபிடிக்க முடிந்தது. சரியான விடை தன் கையிலிருந்து வந்தது. ஆர்வம் இப்படித்தான் திரும்ப வருகிறது.

அடுத்து, பரிசும் தண்டனையும். "தொண்ணூறு மார்க் எடு, செல்போன் வாங்கித் தர்றேன்" என்கிறோம். 1973இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளில் ஒரு குழுவிடம், 'வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். ஓரிரு வாரங்கள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. விருப்பத்தோடு செய்த காரியம், கூலிக்குச் செய்யும் காரியமாகிவிட்டது. பாராட்டவே கூடாது என்பதில்லை. பாராட்டு எதைப் பற்றியது என்பதுதான் முக்கியம். 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து கடினமான புதிர்களில் தோற்றதும் துவண்டுபோனார்கள். 'நன்றாக முயன்றாய்' என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். "போன வாரம் நாலு வரி வாசிக்க முடியலை, இன்னிக்கு ஒரு பக்கம் வாசிச்சிட்ட" என்பது பிள்ளைக்குத் தன் வளர்ச்சியைக் காட்டும் பாராட்டு.

தண்டனையைப் பற்றிச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பதும், வகுப்பு நடுவே எழுப்பி நிறுத்தி மார்க்கைப் படித்துக் காட்டுவதும், சாதியையோ அப்பாவின் தொழிலையோ இழுப்பதும், 'டிசி கொடுத்துருவேன்' என்று மிரட்டுவதும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து துரத்தும் காரியங்கள். அடி வாங்கிய பிள்ளை மறக்கலாம். வகுப்பே சிரித்ததை மறக்காது.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வகுப்பில் தூங்குகிற அதே பையன் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போகிறான். டூவீலர் மெக்கானிக் கடையில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுகிறான். அங்கே சோம்பல் இல்லை, மறதி இல்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்டு ரயன் என்ற உளவியலாளர்கள் மனிதரின் ஊக்கத்துக்கு மூன்று தேவைகள் அடிப்படை என்றார்கள்: தன் விருப்பப்படி செய்யக் கொஞ்சம் இடம், 'என்னால் முடிகிறது' என்ற உணர்வு, தன்னை மதிக்கும் மனிதர்கள். மெக்கானிக் கடையில் இந்த மூன்றும் அவனுக்குக் கிடைக்கின்றன. "தம்பி கை சுத்தம்ணே" என்று ஒருவர் சொல்கிறார். நம் வகுப்பறையில் மூன்றில் ஒன்றாவது கிடைக்கிறதா? பதினைந்து வயதுப் பிள்ளையை வேலைக்கு இழுப்பது குடும்பத்தின் கஷ்டமும் கூலியும்தான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளி அவனை இழுத்துப் பிடிக்காததும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆய்வகத்தின் பொறுப்பை, மின் இணைப்புகளைச் சரிபார்க்கும் வேலையை, விளையாட்டு விழாவின் கணக்கை அவனிடம் கொடுங்கள். இயற்பியல் பாடத்தை அவனுக்குத் தெரிந்த இன்ஜினிலிருந்து தொடங்குங்கள்.

விருப்பத்துக்கு இடம் தருவதைப் பற்றிப் பேசினால் டோட்டோ-சான் நினைவுக்கு வராமல் இருக்காது. அந்தப் பெயரிலேயே வந்த நூலின் வழியே தமிழில் பலரும் அறிந்த அந்த ஜப்பானியச் சிறுமி, மேசை மூடியைத் திறந்து திறந்து மூடியதற்காகவும் ஜன்னலோரம் நின்றதற்காகவும் முதல் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டவள். டோக்கியோவின் டோமோயி பள்ளித் தலைமையாசிரியர் கோபயாஷி, சேர்க்கை நாளில் அவள் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டார். அந்தப் பள்ளியில் அன்றைய பாடங்களில் எதை முதலில் செய்வது என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் நான்கு மணி நேரம் முடியாது. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையிடம் ஐந்து நிமிடம் முடியும். பத்துக் கணக்கில் ஐந்தை நீயே தேர்ந்தெடுத்துப் போடு என்று சொல்ல முடியும்.

இப்படி முயன்றதும் உடனே பலித்துவிடாது. குஜராத்தின் கிஜுபாய் பதேகா எழுதிய 'பகற்கனவு' நூலில் வரும் ஆசிரியரும் முதல் நாள் தோற்றுப்போகிறார். போட்ட திட்டம் எதுவும் பிள்ளைகளிடம் செல்லவில்லை. மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அவர் பக்கம் திரும்புகிறது. கதையிலிருந்து வாசிப்புக்கு அழைத்துப் போகிறார். அப்படி அழைத்துப் போக, வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்கள் நம் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. அவற்றை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். கிழிந்தால் கிழியட்டும்.

இத்தனைக்கும் முன்னால் உடலைப் பார்க்க வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளை கவனிக்காத பிள்ளையாகத்தான் தோன்றும். காது மந்தமான பிள்ளை திமிர் பிடித்தது போலத் தெரியும். கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசமாகக் கிடைக்கிறது. ரத்தசோகையுள்ள மாணவிக்கு எளிதில் சோர்வு வரும். எழுத்துகளை மாற்றி மாற்றி வாசிக்கிற பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம், மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் சலுகையும் உண்டு. பசியைப் பற்றித் தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவும் வகுப்பறைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. வந்த பிள்ளைக்குப் படிக்க முடிய வேண்டும் என்பது நம் பொறுப்பு.

ஆசிரியர்களுக்குச் சுமை குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். எமிஸ் இணையதளப் பதிவு, பயிற்சி, தேர்வு, தேர்ச்சி விழுக்காட்டுக் கூட்டம் எல்லாம் உண்டு. தலைமையாசிரியர்கள் ஒன்று செய்யலாம். ஒரு நாளில் முக்கால் மணி நேரத்தை ஒதுக்கி, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை வகுப்புப்படி பிரிக்காமல் வாசிப்பு நிலைப்படி பிரித்து, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு குழுவைக் கொடுங்கள். யார் எந்தக் குழு என்று சுவரில் ஒட்ட வேண்டாம். மாதம் ஒருமுறை குழு மாறட்டும்.

பெற்றோர்களே, உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்க முடியும். இரவில் பத்து நிமிடம் போதும். பாடப் புத்தகமாக இருக்கலாம், கரண்டு பில்லாக இருக்கலாம், பேப்பரில் வந்த கபடிச் செய்தியாக இருக்கலாம். திக்கினால் பொறுத்திருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். 'படிப்பு ஏறலை' என்று பிள்ளையின் காதுபட யாரிடமும் சொல்லாதீர்கள். பள்ளிக்குப் போக மறுத்தால் அடிக்கும் முன்னால் காரணத்தைக் கேளுங்கள். பள்ளியில் பேச முடியாத விஷயமாக இருந்தால் 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது.

இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வோர் ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நாளைக்கு வகுப்புக்குப் போனதும், 'இவனுக்கு ஆர்வம் இல்லை' என்று நீங்கள் முடிவு கட்டிய ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். அவனால் வாசிக்க முடிகிற கடைசிப் படி எது, போட முடிகிற கடைசிக் கணக்கு எது என்று கண்டுபிடியுங்கள். அதற்கு அடுத்த படியை அவனுக்குக் கொடுங்கள். முடித்ததும் முடித்துவிட்டாய் என்று சொல்லுங்கள். மறுநாளும் கொடுங்கள். இந்தப் பருவம் முடியும்வரை விடாமல் செய்யுங்கள். ஒரு பிள்ளை திரும்பி வந்துவிட்டால், அடுத்த பிள்ளைக்கு என்ன செய்வது என்று உங்களுக்கு யாரும் வந்து உரையாற்ற வேண்டியிருக்காது.